புழுவெட்டும் தங்கையா கங்காணியின் மீசையும்

இப்போது பையன்கள் சும்மாவே மொட்டை அடிக்கிறார்கள். றக்வான டவுன் சலூனில் வரிசையாக உட்கார்ந்து, மீசையையும் சேர்த்து எடுத்துவிட்டு, கண்ணாடியில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. போன மாதம் என் தங்கச்சி மகன் அப்படி வந்து நின்றான். அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் மச்சானைப் பார்த்தேன். உயிரோடுதான் இருந்தார்.

முன்பு எங்கள் ஆட்கள் தங்கள் அப்பா உயிரோடு இருக்கும்வரை மீசையை எடுக்க மாட்டார்கள். நேர்த்திக்கு மொட்டை போட்டாலும் மீசையை விட்டுவிடுவார்கள். தலையும் மீசையும் சேர்ந்து போயிருந்தால் அப்பா போய்விட்டார் என்று அர்த்தம். கேட்கவே தேவையில்லை. கேட்காததால்தான் தங்கையா கங்காணி கதை நடந்தது.

அந்தக் கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். பிணம் எழுந்து உட்கார்ந்து வெற்றிலை கேட்டது என்று ஒருவர் சொல்கிறாராம். என் வேலைக்கு இப்போது வந்திருக்கிற தம்பி, "நெசமா அண்ணே?" என்று கேட்டான். இல்லை. நான் அங்கே இருந்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஓடர்லியாகச் சேர்ந்தேன். அதற்கு முன் றப்பர் பால் வெட்டினேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கற்றுக்கொண்டது ஊசி அவிப்பது, புண் கழுவுவது, போத்தலில் மிக்சர் ஊற்றுவது, சனத்தை வரிசையில் நிறுத்துவது. கடைசியில் சொன்னதுதான் கஷ்டம்.

எங்கள் டொக்டர் ஐயா வரக்காப்பொலக் கடைக்காரர் ஒருவரின் மகன். தமிழில் பேசிக்கொண்டு போய் நடுவில் சிங்களத்துக்கு இறங்குவார், மறுபடி ஏறுவார். தலையில் ஒரு மயிர் கிடையாது. முடி கொட்டுகிறது என்று வருகிறவன் முதலில் ஐயாவின் தலையைத்தான் பார்ப்பான். ஐயாவும் பார்க்கட்டும் என்று விடுவார். பிறகு சொல்வார்.

"பாத்து முடிஞ்சுதா? ஹரி, சரி. இது எங்கப்பா குடுத்தது. நெத்தியில ஆரம்பிச்சு வருசக் கணக்கா மெதுவா போச்சு. மெதுவா போறதுக்கு என்கிட்ட வழி கேக்காத. எனக்கே தெரியல. திடீர்னு போனா வா."

மெதுவாகப் போவதற்கு வருகிறவர்கள்தான் அதிகம். திடீரென்று போனவர்கள் எல்லாவற்றையும் பூசி முடித்த பிறகுதான் வருவார்கள்.

ஐயா தலையைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் நகம். பிறகு கண் இமையை இழுத்துப் பார்ப்பார். கழுத்தைத் தடவுவார். இரண்டு மூன்று மாதத்துக்கு முன் காய்ச்சல் வந்ததா, வெட்டுக் குத்து ஏதாவது நடந்ததா, புது மருந்து ஏதும் குடித்தாயா, உடம்பு இளைத்ததா என்று கேட்பார். ஆள் பொறுமை இழந்து, "ஐயா, நோய் தலையிலங்க" என்பான். "தலை எங்கயும் போகாது, இரு" என்பார்.

அடுத்த கேள்விக்காக நான் காத்திருப்பேன்.

"என்னத்தப் பூசின?"

"ஒண்ணும் பூசலங்க ஐயா."

எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். சின்ன வெங்காய வாடை வாசல் வரை வரும். பூண்டு, மண்ணெண்ணெய், செம்பருத்தி, இன்னும் பெயர் தெரியாத தழைகள். ஒருவர் மாட்டுக்குப் பூசும் மருந்தைப் பூசியிருந்தார். அவரும் ஒன்றும் பூசவில்லை என்றுதான் சொன்னார்.

அதன் பிறகு ஐயா தேயிலைத் தொழிற்சாலையில் வாங்கிய பூதக்கண்ணாடியை எடுப்பார். மயிரைக் கொத்தாகப் பிடித்து மெதுவாக இழுத்து, விரலில் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார். வெள்ளைக் கடதாசியை அடியில் பிடித்துத் தலையைச் சுரண்டி, செதில் விழுகிறதா என்று பார்ப்பார். கடைசியில் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் அந்த இடத்தைத் தொடுவார். "தொட்டா சொல்லு." அந்த நேரத்தில் மட்டும் ஐயா சிரிக்க மாட்டார்.

கீழ் டிவிசன் பையன் ஒருவன் கல்யாணம் முடித்த கையோடு வந்தான். தலையணை நிறைய முடி. கூடவே அவன் அம்மா. பின்னால் புது மருமகள், தலையைக் குனிந்துகொண்டு.

"இவ வந்ததுல இருந்துதாங்க ஐயா. இவ சமையல்தான் ஒத்துக்கல" என்றாள் அம்மா.

பையனுக்குக் கல்யாணத்துக்கு முன் நெருப்புக் காய்ச்சல் வந்து, எங்கள் வாட்டில்தான் கிடந்தான்.

"காய்ச்சல் நேரத்துல மசுரெல்லாம் ஒண்ணா லீவு போட்டுருச்சு" என்றார் ஐயா. "அதுதான் இப்ப ஒண்ணா விழுது. பின்னாலயே புதுசு வரும். நல்லா சாப்பிடு, போ."

"அப்ப இவ சமையல் இல்லீங்களா?" அம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

"சமையல்னா ஒங்களுக்கும்ல கொட்டியிருக்கணும்?"

மருமகள் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். ஆறு மாதத்தில் பையனுக்கு முடி நிறைந்துவிட்டது. சமையலைப் பற்றி வேறு புகார் வந்ததாகக் கேள்வி. அது எங்கள் பிரிவு இல்லை.

மாட்டுப்பட்டியில் பால் கறக்கும் ஒருவருக்கு ஒரு பக்கத் தாடி மட்டும் கொட்டிச் சீழ் கட்டியிருந்தது. ஐயா அவரைப் பால் கறக்க உட்கார்வது போல் உட்காரச் சொன்னார். அவர் கன்னத்தை மாட்டு வயிற்றில் சாய்ப்பது போல் சாய்த்துக் காட்டினார். அதே பக்கம். மாட்டில் இருந்த படை கன்னத்துக்கு ஏறியிருந்தது. செதில், அரிப்பு, சீழ் இருந்தால் அது தொற்றும். களிம்பு போதாது, குளிசை குடிக்க வேண்டும் என்றார் ஐயா. மாட்டுக்கும் மருந்து போனது. மாடு ஒழுங்காக வைத்தியம் பார்த்துக்கொண்டது. இவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இன்னொருவர் பெயரை எழுத மாட்டேன். அவருக்குப் புருவத்தின் ஓரம் கொட்டியிருந்தது. முதுகில் வெளுத்த தேமல். பஞ்சால் தொட்டபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி தொட்டும் சொல்லவில்லை. ஐயா கதவைச் சாத்தச் சொன்னார். அரசாங்கத் தொழுநோய்க் கிளினிக்கில் குளிசை சும்மா கொடுத்தார்கள். முழுதாகக் குடித்து முடித்தார். காலத்தோடு வந்ததால் விரல் பத்தும் இருக்கிறது. போன தீபாவளிக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வலித்தது.

இனி தங்கையா கங்காணி.

அவரும் நானும் ஒரே லயத்து வரிசை வீடுகளில்தான் இருந்தோம். அவர் மீசை பெரிது. கங்காணிக்கு முந்தி மீசை மலைக்கு வந்துவிடும் என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் சொல்வார்கள். அவருக்கு அது காதில் விழும். முறுக்கிக்கொள்வார்.

ஒருநாள் அவர் மனைவி பின்னந்தலையில் காசு அளவுக்கு ஒரு வழுவழுப்பைப் பார்த்தார். அரிப்பில்லை, வலியில்லை. சில நாளில் பக்கத்தில் இன்னொன்று. லேஞ்சியைத் தலையில் கட்டிக்கொண்டு சமாளித்தார். அடுத்து மீசை. இடது பக்கம், மூக்குக்குக் கீழே, ஒரு துண்டு அப்படியே இல்லை. மீசைக்கு எங்கே லேஞ்சி கட்டுவது?

மனைவியின் கண் மையை எடுத்து அந்த இடத்தை வரைந்துகொண்டு மலைக்குப் போனார். றக்வான மழை சொல்லிவிட்டா வரும்?

"அடியே, கங்காணி மீச ஒழுகுதுடி!"

எவள் கத்தினாள் என்று இன்று வரை தெரியாது. மலை முழுக்கச் சிரித்தது. கங்காணி அன்று கொழுந்து நிறுக்க நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் றக்வான டவுனுக்குப் போய், தெரியாத சலூன் ஒன்றில் தலையையும் மீதி மீசையையும் எடுத்துவிட்டார். பிறகு எம்பிலிப்பிட்டிய பஸ்ஸில் ஏறினார். அங்கே சந்தையில் ஒருவன் புழுவெட்டுக்கு மருந்து விற்கிறான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

எம்பிலிப்பிட்டியவில்தான் அவர் அப்பா ரெங்கன் தாத்தா இருந்தார், மகள் வீட்டில். மருமகனுக்கு அங்கே கடை.

கங்காணி பஸ் ஏறியதை எங்கள் லொறிக் கிளீனர் ராசு ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்தான். மொட்டை. மீசை இல்லை. கண் சிவந்திருக்கிறது. ஏறியது எம்பிலிப்பிட்டிய பஸ். ராசு ஓட்டமாகத் தோட்டத்துக்கு வந்து சொன்னான்.

"ரெங்கன் தாத்தா போயிட்டாரு!"

ஒருவர் மட்டும் கேட்டார். "தலைய அங்க போய்த்தான எடுக்கணும்? டவுன்லயே ஏன் எடுத்தாரு?"

"அங்க ஆளு கெடைக்காதுன்னு இங்கயே எடுத்துட்டாரு போல" என்றான் சாவு வீட்டுக்குத் தப்பு மேளம் அடிக்கும் காளிமுத்து. அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

தோட்டத்துத் துரையிடம் சொல்லி லொறி வாங்கினோம். கோடித்துணி வாங்கினோம். பெண்கள் முன்னால், தப்புக்காரர்கள் பின்னால், நான் நடுவில். வழியில் சோதனைச்சாவடியில் பொலிஸ்காரர் எங்கே என்று கேட்டார். "மள கெதர" என்றான் காளிமுத்து. செத்த வீடு என்றதும் தொப்பியைத் தொட்டு, போக விட்டார்.

மருமகன் கடை திறந்திருந்தது. வெள்ளைக்கொடி இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"ஒரு கொடி கூட கட்டல பாருங்க. மருமகன் வீடுன்னா இவ்வளவுதான்" என்றாள் ஒருத்தி, தலையை அவிழ்த்துக்கொண்டே.

காளிமுத்து ரோட்டோரம் அட்டைப் பெட்டியைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினான். அடி விழுந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார்கள். "எங்கள விட்டுப் போயிட்டீகளே" என்று ஆரம்பித்தவள் வாசலில் அப்படியே நின்றாள்.

ரெங்கன் தாத்தா பாக்குவெட்டியோடு வெளியே வந்தார்.

தப்பு ஒவ்வொன்றாக நின்றது. பின்னால் நின்ற ஒருவன் மட்டும் பார்க்காமல் அடித்துக்கொண்டே இருந்தான்.

"யாருக்குப்பா?" என்றார் தாத்தா.

எல்லோரும் காளிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் காளிமுத்து சொன்னான்.

"ஒங்களுக்குத்தான் தாத்தா."

"எனக்கா? எப்ப?"

"இன்னிக்கிக் காலைலங்க."

"எனக்கு யாரும் சொல்லலியே" என்றார் தாத்தா.

பிறகு அவர் சிரித்த சிரிப்பில் நாங்களும் சிரித்தோம். மருமகன் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். கோடித்துணியைத் தாத்தா விரித்துப் பார்த்து, நெய்தல் மட்டம் என்றார். அதன் பிறகுதான், யார் சொன்னது என்று கேட்டார்.

ராசு முன்னால் வந்தான். "கங்காணி மொட்டையும் மீசை இல்லாமலும் பஸ் ஏறுனாருங்க. இந்த ஊர் பஸ்ல."

"மீச இல்லாமயா?"

"ஆமாங்க."

"இந்த ஊருக்கா வந்தான்?"

"ஆமாங்க."

தாத்தா வாசலைப் பார்த்தார். "இங்க வரலியே."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பாக்குவெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் இருக்கயில மீசய எடுத்துப்புட்டான். இந்த ஊருக்கு வந்தும் என் வாசல மிதிக்கல. அப்ப அவனுக்கு நான் செத்துட்டேன். சரி. நெசமா சாகும்போது அவன் வர வேணாம். கொள்ளிய மருமகன் வைக்கட்டும்."

மருமகன் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். மகன் இருக்கும்போது மருமகன் கொள்ளி வைப்பது விளையாட்டுப் பேச்சு இல்லை. மகனை எல்லோர் முன்னாலும் இல்லையென்று சொல்வது அது. யாரும் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை.

திரும்பி வரும்போது அதே பொலிஸ்காரர். போய் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டீர்களே என்று கேட்டார். காளிமுத்துதான் லொறியில் இருந்து தலையை நீட்டினான்.

"மினிஹா நெகிட்டா" என்றான். ஆள் எழும்பிட்டாரு.

பொலிஸ்காரர் மறுபடி தொப்பியைத் தொட்டார்.

இரண்டு நாள் கழித்துக் கங்காணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். தலையில் துணி. துணியில் நீர் கசிந்திருந்தது. பின்னால் அவர் மனைவி, கன்னத்தில் கொப்பளத்தோடு. கங்காணி கோபத்தில் அறைந்துவிட்டார் என்று வரிசையில் பேச்சு ஓடியது.

"என்னத்தப் பூசின?" என்றார் ஐயா.

"ஒண்ணும் பூசலங்க ஐயா."

"மணியம், ஜன்னலத் தெற."

திறந்தேன்.

"சந்தையில ஒருத்தன் விக்கிறாங்க" என்றார் கங்காணி. "கருப்பா இருக்கும். எரியும்னான். எரிஞ்சா புழு சாகுதுன்னு அர்த்தம்னான்."

"செத்துச்சா?"

"தெரியலங்க. நான்தான் செத்தேன்."

அது சேராங்கொட்டைப் பால் என்றார் ஐயா. தொட்ட இடமெல்லாம் வேகும். தலையணையில் ஒட்டி அந்த அம்மாவின் கன்னம் வரை போயிருந்தது. கையுறை போட்டுக்கொண்டு நான் துணியை நனைத்து நனைத்து எடுத்தேன். இழுக்கக் கூடாது. ஆறவைத்த தண்ணீரால் கழுவி, ஒற்றி, களிம்பு போட்டு, தளர்வாகக் கட்ட வேண்டும். தினமும் வரச் சொன்னார் ஐயா. வந்தார். ஒரு சத்தம் போட மாட்டார். பெஞ்சின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொள்வார். அந்த ஓரம் இப்போதும் வழுவழுப்பாக இருக்கிறது.

புண் அடங்கிய பிறகு ஐயா பூதக்கண்ணாடியோடு, திரும்ப வளர ஆரம்பித்திருந்த மீசையைப் பார்த்தார். எனக்கும் காட்டினார். வெறும் தோலின் ஓரத்தில் கட்டையான மயிர்கள், நுனி தடித்து, அடி மெலிந்து.

"புழுன்னு ஒண்ணு இல்ல கங்காணி" என்றார். "ராத்திரி வாச்சர் இருக்கானே, அவன் இருட்டுல ஆள் மாறிச் சொந்த ஆளையே அடிச்சா எப்பிடி? ஒன் ஒடம்புல காவலுக்கு நிக்கிறவன் மசுரப் போட்டு அடிச்சிருக்கான். யாருக்கும் தொத்தாது. யாரும் செஞ்சு வெக்கல. கொஞ்ச இடத்துல கொட்டினா அனேகமா அதுவா மொளைக்கும். புதுசு புதுசா வந்தா, புருவம் இமைன்னு போனா, அப்ப பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும். ஒனக்கு மீசைக்கும் வந்ததால நான் எப்பிடியும் அனுப்பப் போறேன்."

"கவலையாலன்னு சொல்றாங்களே ஐயா?"

"அப்பிடியும் சொல்வாங்க. எனக்கு நிச்சயமாத் தெரியாது. வந்த பிறகு கவலை வரும். அது நிச்சயம்."

கங்காணி மேலுதட்டைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார். "தலை போனா போகட்டுங்க. மீச வரணும். எங்கப்பா கொள்ளி வைக்க விட மாட்டேன்னுட்டாரு. மீசையோட அவரு முன்னால போய் நிக்கணும்."

"வரும்னு நெனைக்கிறேன்" என்றார் ஐயா. "சத்தியம் பண்ண மாட்டேன்."

இரத்தினபுரிக் கிளினிக்கில் மயிர் இல்லாத இடத்திலேயே சின்ன ஊசியால் மருந்து போட்டார்கள். நான் கூடப் போனேன். பாம்பைக் கையால் பிடித்து எறிந்த கங்காணி, ஊசியைப் பார்த்ததும் என் தோளில் சாய்ந்துவிட்டார். கனமான ஆள்.

வாரம் தவறாமல் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, வெளிச்சத்தில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஐயா பார்த்து "ம்ஹூம்" என்பார். போவார். மூன்று நான்கு மாதம் இப்படியே போனது. மலையில் யாரும் மீசையைப் பற்றிப் பேசவில்லை. லொறி போய் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதலில் சிரித்த பெண்கள்தான் முதலில் நிறுத்தினார்கள்.

ஒருநாள் ஐயா "ம்ஹூம்" சொல்லவில்லை. "மணியம், இங்க வா" என்றார்.

பூனைமயிர் மாதிரி முளைத்திருந்தது. வெள்ளையாக.

வலது பக்கம் கறுப்பு மீசை. இடது பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டு. கங்காணி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மை வச்சுக்கட்டுங்களா ஐயா?" என்றார்.

"வச்சா கைய ஒடைப்பேன். வெள்ளையாத்தான் மொதல்ல வரும். பெறகு கறுத்தாலும் கறுக்கும். கறுக்காட்டியும் அது ஒன் மீசதான்."

தலையிலும் வந்தது. புழு தின்றது என்று சொன்ன இடமெல்லாம் முளைத்தது. சந்தை மருந்து வெந்த இடத்தில் மட்டும் தழும்பு விழுந்து, இன்று வரை ஒரு மயிர் முளைக்கவில்லை.

மீசை முறுக்கும் அளவுக்கு வளர்ந்ததும் கங்காணி எம்பிலிப்பிட்டியவுக்குப் புறப்பட்டார். ஐயா என்னையும் அனுப்பினார். "இவரு சொன்னா கிழவர் நம்ப மாட்டாரு. நீ ஆஸ்பத்திரி ஆளு. நீ சொல்லு."

நான் பேசுகிற ஆள் இல்லை. பஸ்ஸில் மூன்று வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனேன்.

ரெங்கன் தாத்தா எங்களைப் பார்த்ததும் கதிரையைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"யாரும்மா வந்திருக்கிறது?" என்று மகளைக் கேட்டார்.

"அண்ணன்பா. ஓடர்லியண்ணனும் வந்திருக்காரு."

"அவரு தப்போட வந்தவருதான? இன்னிக்கும் எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சான்னு கேளு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்.

"தாத்தா, அது நோய். மீச அதுவா கொட்டிச்சு. டொக்டர் ஐயா சொல்லச் சொன்னாரு."

அவ்வளவுதான். என்னிடம் இருந்தது தீர்ந்துவிட்டது.

சுவர்ப் பக்கம் இருந்து கேள்வி வந்தது. "முழுசும் கொட்டிச்சா?"

"இல்லீங்க. ஒரு துண்டுதான்."

"அப்ப மிச்சம்?"

நான் கங்காணியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"மிச்சத்த எடுத்துட்டாரு" என்றேன். பொய் தயார் செய்துகொண்டு வரவில்லை.

"ஆக, நல்லா இருந்ததத்தான் எடுத்திருக்கான்."

"அரை மீசையோட எப்படிப்பா பஸ் ஏறுறது?" என்றார் கங்காணி. அன்று அவர் பேசிய முதல் பேச்சு அது.

கதிரை கொஞ்சம் அசைந்தது. தாத்தா தலையை மட்டும் திருப்பினார். மகளிடம் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுந்து கிட்டே வந்து, விரலால் அந்த வெள்ளைத் துண்டைத் தொட்டார்.

"என்னடா இது, பால் சட்டியில மூக்க விட்ட பூன மாதிரி?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கே இந்தளவு நரைக்கல. எனக்கு முந்திப் போகப் பாக்கிறியா? நான் இருக்கேன்ல? வரிசைன்னு ஒண்ணு இல்லையாடா?"

கங்காணி குனிந்து அவர் காலைத் தொட்டார். அப்போதுதான் பின்னந்தலைத் தழும்பு தாத்தா கண்ணில் பட்டது. அவர் கை அதன் மேல் நின்றது.

"இது?"

"அன்னிக்கி இங்க சந்தையில வாங்கிப் பூசுனதுப்பா."

"சந்தை இந்தா இருக்கு. நாலு எட்டு வச்சா வீடு. வந்து காட்டியிருக்கலாம்ல?"

"வெக்கமா இருந்துச்சுப்பா."

"மசுருக்கா?"

கங்காணி இன்னும் குனிந்தே இருந்தார். தாத்தா கையை எடுக்கவில்லை. அப்படியே மகளிடம் சொன்னார். "சோத்தப் போடு. ஓடர்லிக்கும் போடு." பிறகு மருமகனைப் பார்த்து, "மாப்பிள்ள, அந்தக் கொள்ளி வேல ஒங்களுக்கு இல்ல. அவனே பாத்துக்குவான்" என்றார். மருமகன் விட்ட மூச்சு கடை வரை கேட்டிருக்கும்.

இப்போது என் வேலைக்கு வந்திருக்கிற அந்தத் தம்பி இதையும் கேட்டான். எப்போது ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்வது? ஐயா சொன்னதையே சொன்னேன். திடீரென்று போனால் வரச் சொல். வட்டமாகப் போனால், அரித்தால், செதில் சீழ் வந்தால், புருவம் போனால், தொட்டது தெரியாவிட்டால், காய்ச்சலோ இளைப்போ கூட இருந்தால் வரச் சொல். ஒன்றும் பூசாமல் வரச் சொல். பூசிவிட்டு வந்தால் திட்டாதே. ஜன்னலைத் திற.

ரெங்கன் தாத்தா அதன் பிறகு பல வருசம் இருந்தார். திருவிழாவுக்குத் தோட்டத்துக்கு வந்தால் காளிமுத்துவைத் தேடிப் போய், "எனக்கு மறுபடி எப்பப்பா அடிக்கப் போற?" என்று கேட்பார். காளிமுத்து ஓடி ஒளிவான்.

ஒருநாள் காலை ஒப்பீசுக்கு எம்பிலிப்பிட்டியவில் இருந்து போன் வந்தது. தாத்தா போய்விட்டார் என்று. கங்காணி முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். மற்றவர்கள் அசையவில்லை. லயத்து வாசலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒரு தடவ செத்துக் காட்டுனவரு" என்றான் காளிமுத்து. "யாராச்சும் போய் நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. பெறகு தப்ப எடுக்கிறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐயாவிடம் போய்ச் சொன்னேன். கையை அசைத்து, போ என்றார்.

வீட்டு முன்னால் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. கடை பூட்டியிருந்தது. பின்பக்கம் கிணற்றடியில் கங்காணி பலகையில் உட்கார்ந்திருந்தார். தலை மழித்தாகிவிட்டது. முடிவெட்டுகிறவர் கத்தியை நனைத்துக்கொண்டு எதிரில் நின்றார். கங்காணி மீசையைக் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "ஓடர்லி, நீங்க ஒருக்கா பாத்துருங்க" என்றார். "இந்த ஊர் டொக்டர் வந்து பாத்துச் சொல்லிட்டாரு. இருந்தாலும் நீங்க பாத்துருங்க. போன தடவ மாதிரி ஆயிறக் கூடாது."

உள்ளே போனேன். தாத்தாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். இமையைத் தூக்கிப் பார்த்தேன். அவசரப்படவில்லை. அவர் மீசை கடைசி வரை பாதிதான் நரைத்திருந்தது.

வெளியே வந்து, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

கங்காணி மீசையில் இருந்து கையை எடுத்தார். கத்தி வெள்ளைப் பக்கத்தில் இருந்து ஆரம்பித்தது.

நான் கடைப் பக்கம் போய், மருமகனிடம் சாவி வாங்கித் திறந்து, தோட்டத்து ஒப்பீசுக்குப் போன் எடுத்தேன்.

"நெசம்தான்" என்றேன். "தப்பக் காச்சச் சொல்லுங்க."